குளிர்காலத்தில் ஓடிய ஏசி

டெல்லியில் ஜனவரி மாதத்தில் ஏசி ஓடும் அறை ஒன்று எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்தது. கீழே கேட் பக்கத்தில் காவல் இருக்கும் சௌகிதார் பழைய பெட்டிப் பலகைகளை உடைத்து நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். வீடுகளுக்குள் நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு டிவி பார்ப்போம். எங்கள் தலைக்கு மேலே, செல்போன் டவரின் காலடியில், தகரச் சுவர் வைத்த சின்ன அறைக்குள் இரண்டு ஏசிகள் முறை வைத்து ஓடிக்கொண்டிருக்கும். வெளியே கொட்டிக் கிடக்கும் குளிரில் கொஞ்சத்தை உள்ளே விட்டாலே போதும். அதைச் செய்யாமல் கதவை இறுகச் சாத்திவிட்டு, மின்சாரம் செலவழித்துக் குளிரைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். மின்சாரம் போனால் டீசலை எரித்துத் தயாரித்தோம்.

தயாரித்தவர்களில் நானும் ஒருவன். டெல்லியில் அந்த செல்போன் கம்பெனிக்கு இருந்த டவர்களின் மின்சாரம், பேட்டரி, ஜெனரேட்டர், ஏசி எல்லாம் என் பொறுப்பில் இருந்தன. சர்க்கார் தொலைபேசித் துறையில் சேர்ந்து, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தி, மகனை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படிக்க வைத்தவன் நான். செல்போன் வந்த காலத்தில் வேலையை விட்டுவிட்டுத் தனியார் கம்பெனிக்குப் போனேன். யமுனைக்குக் கிழக்கே தமிழ் அரசு ஊழியர்கள் சேர்ந்து கட்டிய ஹவுசிங் சொசைட்டியில் எங்களுக்கு ஒரு வீடு. அதன் மொட்டை மாடியில் டவர் வைக்க ஏற்பாடு செய்தவனும் நானே.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒரு டவர் தின்னும் மின்சாரத்தில் மனிதர்களின் பேச்சைச் சுமந்துகொண்டு காற்றில் போவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அந்தத் தகர அறைக்குள் இருக்கும் கருவிகளில் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு அங்கேயே தங்கினால் கருவிகள் நின்றுவிடும், பேட்டரிகள் சீக்கிரம் செத்துவிடும். அதனால் அந்தச் சூட்டை விரட்ட ஏசி. அந்த ஏசிக்கு இன்னொரு பங்கு மின்சாரம். கோடையில் வேறு வழியில்லை. ஆனால் மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வரும் ஊரில், மாதக்கணக்காக அதே ஏசியை ஏன் ஓட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல யாருமில்லை. மின்கட்டணம் ஒரு பிரிவின் தலையில் விழுந்தது, டீசல் செலவு வேறொரு பிரிவின் தலையில், ஏசி பராமரிப்பு ஒரு கான்ட்ராக்டரிடம். யாருக்கும் முழுதாக வலிக்காத செலவு அது. "நெட்வொர்க் நின்னுபோனா யார் பதில் சொல்றது?" என்று ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். அதற்குப் பிறகு டீ வந்துவிடும்.

அந்த நிலையில்தான் அந்தப் பெண் எங்கள் பிரிவில் சேர்ந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். பொறியியல் முடித்துவிட்டு ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தாள். கரோல் பாக்கில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். வேலை நிரந்தரமானால் இருக்கலாம், இல்லாவிட்டால் வருட முடிவில் ஊருக்குத் திரும்பி வீட்டில் பார்க்கும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் பேசி முடித்துவிட்டு வந்தவள். இதை அவளே என்னிடம் சொன்னாள், பஸ் நேரத்தைச் சொல்வது போல.

நவம்பரில் ஒரு நாள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், வெளியில இவ்வளவு குளிரு சும்மா கெடக்குதுங்களே. ஒரு ஃபேன் வெச்சு உள்ள இழுத்தா என்னங்க சார்?"

"தூசி?"

"ஃபில்டர் போட்டரலாங்க. ஒரு செவுத்துல கீழ ஃபேன். எதிர்ச் செவுத்துல நெஞ்சு ஒயரத்துக்கு ஒரு ஓட்டை, அதுல தகட்டு மடல். உள்ள வர்ற காத்து சூட்டை வாங்கிட்டு மடலைத் தள்ளிட்டு வெளிய போயிரும். அப்படியும் உள்ள சூடு ஏறுச்சுன்னா ஃபேன் நின்னு ஏசி தானா ஓடும். கண்ட்ரோல் ரூமுக்கு அலாரமும் போயிரும். கணக்குப் போட்டு வெச்சிருக்கனுங்க சார்."

கணக்கை வாங்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஆபீசில் இதைக் காகிதத்தில் போட்டு, என்ன ஃபேன், எவ்வளவு பெரிய ஓட்டை என்று எழுதிக் கொண்டுவந்தவர் அதுவரை யாரும் இல்லை. நானும் கேள்வி கேட்டதோடு சரி.

எங்கள் தலைமை அதிகாரி டெல்லிக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிரிக்க வைப்பவர். மதிய உணவு நேரத்தில் என் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்து, "ஆஜ் பி இட்லி?" என்பார். இன்றைக்கும் இட்லியா என்று கேட்கும் அந்தக் கேள்விக்கு அறையே சிரிக்கும். ஆபீசில் எனக்கு 'இட்லி சாப்', அதாவது இட்லி ஐயா, என்று பெயர். அந்தப் பெண் சேர்ந்த அன்று, "லோ பாயி, இதோ பாருங்க, இட்லி சாப்க்கு சாம்பாரும் வந்தாச்சு" என்றார். எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது ஹிந்தி அவ்வளவாகப் புரியாது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் அவர் சோதனைக்குச் சம்மதித்தார். ஒரே ஒரு டவர், ஒரே ஒரு குளிர்காலம். ஏசி ஓடும் நேரம் பாதிக்குக் கீழே வந்தால் டெல்லி முழுவதும் செய்யலாம், அந்த வேலைக்கு அந்தப் பெண்ணையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எந்த டவர் என்று கேட்டபோது எங்கள் சொசைட்டியைச் சொன்னேன். மற்றக் கட்டடக்காரர்கள் சுவரில் ஓட்டை போட்டால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இங்கே மொட்டை மாடிச் சாவி சொசைட்டி ஆபீசில் ஆணியில் தொங்கியது. அத்துடன், என் கண் எதிரில் இருக்கும் என்றும் சொன்னேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபேன் பொருத்தியாயிற்று. முதல் வாரம் ஏசி ஓடவே இல்லை. அந்த வாரக் கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் அதைச் சொன்னேன். வேலையைப் பற்றி வீட்டில் பேசுவது என் வழக்கமில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

அவள் மதுரைக்காரி. டெல்லிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மாறவில்லை. கரோல் பாக் கடையில் இட்லி அரிசி வாங்கி, ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த கிரைண்டரில் அரைப்பாள். அவளுடைய பெரிய எதிரி டெல்லிக் குளிர். டிசம்பர் வந்தால் மாவு பொங்காது. கம்பளியில் சுற்றிப் பார்ப்பாள், ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம் வைப்பாள், இன்வெர்ட்டர் மேல் ஏற்றுவாள். காலையில் மூடியைத் திறந்தால் இரவு வைத்தது வைத்தபடி இருக்கும். இது எங்கள் வீட்டுச் சங்கடம் மட்டுமல்ல. அந்தச் சொசைட்டியில் எந்தத் தமிழ் வீட்டுப் பெண்களும் குளிர்காலத்தில் சந்தித்துக்கொண்டால் முதல் பேச்சு இதுதான்.

"மேல ஒரு ஓட்டை வழியா வெதுவெதுன்னு காத்து வருது பாரு, அவ்வளவும் அந்த மெஷின்லேர்ந்து வர்ற சூடு. வீணாத்தான் போகுது" என்றேன்.

"எந்நேரமும் வருமா?"

"எந்நேரமும்."

"ராத்திரியிலயும்?"

"ராத்திரி, பகல் எல்லாம்."

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு இட்லி மாறியது. பஞ்சு போல வந்தது. தோசை நடுவில் துளைத்துளையாக விழுந்து பொன்னிறமாக வந்தது. நான் பாராட்டியபோது, "எல்லாம் ஒங்க புண்ணியம்" என்றாள். மனைவி கணவனுக்குச் சொல்லும் நல்ல வார்த்தை என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு போட்டுக்கொண்டேன்.

அலாரம் வரத் தொடங்கியதும் அப்போதுதான். காலையில் ஆபீஸ் போனால் கண்ட்ரோல் ரூமிலிருந்து தாள் வந்திருக்கும். சாயங்காலத்துக்கு மேல் உள்ளே சூடு ஏறி, ஃபேன் நின்று, ஏசி ஓடியிருக்கும். விடியும் வரை ஓடியிருக்கும். அந்தப் பெண் கரோல் பாக்கிலிருந்து பஸ் மாறி வந்து மொட்டை மாடிக்கு ஏறுவாள். பகலில் எல்லாம் சரியாக இருக்கும். ஃபில்டரைக் கழற்றித் தட்டுவாள், மடலை விரலால் தள்ளிப் பார்ப்பாள், ஃபேனின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பாள். இறங்கிப் போய் மறுபடி கணக்குப் போடுவாள்.

"சார், தெனமும் வர்றதில்லீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. சில வாரம் ரெண்டு நாள் விட்டு வருது. மெஷினுக்கு எப்படிங்க சார் மொறை தெரியும்?"

"சென்சார் வயர் லூஸா இருக்கும்."

"மாத்திட்டனுங்க."

"அப்ப உன் கணக்குலதான் கோளாறு. ஓட்டை சின்னதாப் போச்சு."

அவள் கணக்குத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு எரிச்சல். பல வருடமாகக் கூட்டங்களில் கத்திக் கத்தி வாங்கிய ஒரே வாய்ப்பு, என் வீட்டு மாடியிலேயே கெட்டுக்கொண்டிருந்தது. தலைமை அதிகாரி ஒவ்வொரு காலையும் அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் புருவத்தை உயர்த்திவிட்டுப் போவார். அந்த எரிச்சலையெல்லாம் அவள் மேல் காட்டினேன். மொட்டை மாடிக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மாடிதான். சாயங்காலம் ஒரு தடவை ஏறிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏறிப் பார்ப்பது அவள் வேலை என்று இருந்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டியைப் பார்க்கச் சாவியை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். சாவி என் கையில் இருந்தது, ஆனால் மாடிக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மூடுபனியில் டவரின் பாதி தெரியவில்லை. தகர அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

சுவரில் அந்தப் பெண் போட்ட ஓட்டைக்குக் கீழேயே ஏசியின் வெளிப்பெட்டி இருந்தது. அதன் தலையில், பலகை போட்ட மாதிரி, நான்கு எவர்சில்வர் தூக்குப் போசிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மடலுக்கு மேலே ஒரு ஆணி அடித்து, அதிலிருந்து பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பெரிய ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டு, போசிகளை எல்லாம் மூடி, ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்தியிருந்தார்கள். பூப்போட்ட ரஜாய், எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். உள்ளே குளியலறை போல வெதுவெதுப்பு. முதல் போசியின் வயிற்றில் என் பெயரின் முதலெழுத்து புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி, பெட்டியின் பக்கவாட்டில் வழிந்து காய்ந்திருந்தது.

ரஜாய் மடலை முழுதாகத் திறக்க விடவில்லை. உள்ளே சூடு ஏறியது. ஃபேன் நின்று ஏசி ஓடியது. ஏசி ஓடினால் அதன் வெளிப்பெட்டி இன்னும் சூடான காற்றைத் தள்ளும். மாவு இன்னும் நன்றாகப் பொங்கும். டெல்லியிலேயே மிகவும் செலவு பிடித்த இட்லியைப் பல வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் சிரித்துவிட்டேன். தனியாக, சத்தமாக. அப்போது பின்னால் செருப்புச் சத்தம். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மனைவி வந்தாள்.

"என்னங்க, இந்தக் குளிர்ல நீங்க எதுக்கு மேல வந்தீங்க?"

"இது என்ன?"

"என்னன்னா? மாவு. ரெண்டாவது மாடி, மூணாவது மாடிக்காரங்களோடதும் இருக்கு. விடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்துருவோம்."

"யாரைக் கேட்டு வச்சே?"

"நீங்கதான சொன்னீங்க, வீணாப் போற காத்துன்னு."

"ரஜாய் எதுக்கு?"

"காத்து அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுதுல்ல. சூடு நிக்க வேணாமா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், நாலு சட்டி மாவு ஒங்க மெஷினுக்குப் பாரமா?" என்றாள்.

தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், இனி யாரும் மேலே ஒன்றும் வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அலாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கே மூன்றாவது மாடி அம்மாள் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டவருக்கு எடம் குடுத்தது நாங்க, சூடு மட்டும் கம்பெனிக்கா சார்?" என்றார். ஆணியை நானே பிடுங்கினேன். வழிந்து காய்ந்த மாவை நானே துணியால் துடைத்தேன். மறுநாளிலிருந்து அலாரம் நின்றது.

அந்த வாரமே மறுபரிசீலனைக் கூட்டம். அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண் காலையில் வந்தாள். மேலே போய்விட்டு இறங்கியவளை மனைவி விடவில்லை, உட்கார வைத்து இட்லி பரிமாறினாள். மாடியில் பொங்கிய கடைசி மாவு, ஃபிரிட்ஜில் இருந்தது.

"டெல்லிக்கு வந்து இப்பிடி ஒரு இட்லி சாப்பிட்டதில்லீங்க ஆன்ட்டி" என்றாள். "எங்க ஹாஸ்டல்ல கல்லு மாதிரி குடுப்பாங்க. குளுருக்கு மாவே பொங்கலைம்பாங்க. உங்களுக்கு மட்டும் எப்பிடிங்க பொங்குச்சு?"

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதுவா? எல்லாம் ஒங்க சார்தான்..."

"சட்னி கொண்டா" என்றேன்.

"தட்டுலதான் இருக்கே."

"இன்னும் கொஞ்சம் கொண்டான்னு சொல்றேன்ல."

என் குரல் அவளை நிறுத்தியது. உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் ஃபேனின் பேரிங் பற்றி அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்திருந்தேன். சட்னிக் கிண்ணத்தை மனைவி கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. அந்தப் பெண் என்னையும் அவளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனி இடத்தில் அக்கம்பக்கத்தாரை விட்டது என் குற்றம் ஆகும் என்று பயந்தேனா? கொஞ்சம். ஆனால் வேலை போகும் அளவுக்கு அது பெரிய குற்றம் இல்லை என்று எனக்கே தெரியும். நான் பயந்தது சிரிப்புக்கு. இட்லி சாப் வீட்டு இட்லி மாவு கம்பெனியின் சோதனையைக் கவிழ்த்தது என்ற கதை அந்த அறையில் எப்படிச் சொல்லப்படும் என்று எனக்குத் தெரியும். அது மற்றக் கம்பெனிகளுக்குப் போகும், நான் ஓய்வு பெறும் நாளில் பிரிவுபசார மேடையில் சொல்லப்படும். முப்பது வருடப் பொறியாளர் வாழ்க்கை ஒரு போசி மாவில் முடியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மெட்ராசியாக டெல்லியில் வாழ்ந்த காலமெல்லாம் அவர்கள் சிரிப்பதற்கு முன்பே நான் சிரித்துச் சமாளித்தவன். இந்த ஒரு சிரிப்பைச் சிரித்திருந்தால் அந்தப் பெண்ணின் வேலை நிலைத்திருக்கும்.

கூட்டத்தில் அவள் ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசினாள். சில நாட்களாக அலாரமே இல்லை, ஏசி ஒரு நிமிடம்கூட ஓடவில்லை, கணக்கில் போட்டபடியே உள்ளே சூடு நிற்கிறது என்றாள். தலைமை அதிகாரி தாள்களைப் புரட்டினார்.

"நல்லது. ஏன் நின்றது?"

"நான் எதையும் மாற்றவில்லை, சார்."

"மாற்றாமல் எப்படி நின்றது? ஏன் நின்றது என்று தெரியாவிட்டால், எப்போது திரும்ப வரும் என்றும் தெரியாது. இதை நம்பி ஊர் முழுக்க எப்படி ஓட்டை போடுவது?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கள் வீட்டு மாடி. நீங்கள் சொல்லுங்கள். என்ன காரணம்?"

அந்த அறையிலேயே விடை தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு வாக்கியம் போதும்.

"மூடுபனி" என்றேன். "பனியின் ஈரமும் தூசியும் சேர்ந்து இரவில் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. இந்த வாரம் பனி குறைவு."

அவள் சட்டென்று திரும்பினாள். "ஃபில்டர் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக இருந்தது. நானே கழற்றிப் பார்த்தேன்" என்றாள். பிறகு தமிழில், தாழ்ந்த குரலில், "சார், உங்களுக்கே தெரியுமுங்களே" என்றாள்.

ஃபில்டரைத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு மாவைச் சொன்னது போல இருந்தது. தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பனி வருஷா வருஷம் வரும்" என்றார் தலைமை அதிகாரி. ஏசி கான்ட்ராக்டரின் ஆள் வேகமாகத் தலையாட்டினார். "பஸ். கதம். போதும், முடிந்தது. ஓட்டையை மூடுங்கள்."

மூடுபனி என்று சொன்னால் இப்படி முடியும் என்று நான் யோசிக்கவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். டெல்லியில் இத்தனை குளிர்காலம் பார்த்தவனுக்கு மூடுபனி எந்த வருடம் வராது?

மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. விடைபெற வந்தவள் கோபமாக இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

"எங்கீங்க சார் தப்பாச்சு? காத்து வெளிய போற வழியிலதான் என்னமோ விட்டுட்டேன்னு தோணுது. ஆனா என்னன்னு பிடிபடல" என்றாள்.

"அனுபவத்துல வரும்மா" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த வார்த்தையை நினைத்தால் மட்டும் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஓட்டையைத் தகடு வைத்து மூடினார்கள். அடுத்த குளிர்காலத்திலும் மேலே ஏசி ஓடியது, மின்சாரம் போனபோதெல்லாம் பின்பக்க ஜெனரேட்டர் புகை விட்டது, சௌகிதார் கீழே பலகை எரித்தார். எங்கள் வீட்டு மாவு மறுபடி ஃபிரிட்ஜின் முதுகுக்குப் போனது, பொங்கவில்லை. மனைவி ஒருநாள் தட்டையான இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டே, "அந்தப் புள்ள எங்க இப்ப?" என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். "ஏன்?" என்றாள். அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றாள். "எங்க மேல பழியப் போட்டுருக்கலாமே. நாங்களா வேலைக்குப் போறோம்?" என்றாள்.

சில வருடங்களில் எல்லாக் கம்பெனிகளும் இதையே செய்ய ஆரம்பித்தன. வெளிக்காற்றில் குளிரும் டவர்கள், ஏசியே வேண்டாத பெட்டிகள். டீசல் விலை ஏறியதும் எல்லோருக்கும் வலித்தது. ஹோட்டல்களில் நடந்த கருத்தரங்குகளில் இளைஞர்கள் திரையில் படம் போட்டு விளக்கினார்கள். கீழே ஃபேன், எதிர்ச்சுவரில் மடல். நானும் உட்கார்ந்து கைதட்டினேன். இதையே எங்களிடம் ஒரு பெண் செய்து காட்டினாள் என்று எழுந்து சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. சொன்னால், பிறகு ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்களே.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய சக ஊழியர் ஒருவர் மூலம் அவளுடைய எண் கிடைத்தது. பல நாள் தயங்கிவிட்டு ஒரு முற்பகலில் பேசினேன். கோயம்புத்தூரில், கணவரின் பம்ப் பட்டறையில் ஆபீஸ் வேலைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பின்னணியில் கடைசல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. டிசைன் வேலை ஏதாவது செய்கிறாயா என்றேன். "இல்லீங்க சார். அதுல எனக்குக் கை வரலைன்னு விட்டுட்டனுங்க" என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். ரஜாய், போசி, ஆணி, மூடுபனி எல்லாவற்றையும். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"மாவுங்களா சார்?" என்றாள் கடைசியில்.

"மாவுதான்மா."

"அந்த மடல் சைசை நான் எத்தன தடவ போட்டுப் பாத்தேன்னு உங்களுக்குத் தெரியுங்களா? கல்யாணத்துக்கு மொத வாரங்கூட ஒக்காந்து போட்டுட்டு இருந்தேன். எங்கப்பா வைஞ்சாருங்க."

"தெரியாதும்மா."

"அனுபவத்துல வரும்னீங்க."

"சொன்னேன்."

கடைசல் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. மன்னிப்பு என்ற வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் திறந்தபோது அவள் முந்திக்கொண்டாள்.

"மாவு நல்லாப் பொங்குச்சுங்களா?"

"பொங்குச்சு. மூடியத் தள்ளிட்டு வழிஞ்சுது."

"அப்பக் காத்து அந்தளவுக்கு வெளிய வந்திருக்குது" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "கணக்கு சரிதான்" என்றாள். பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள், வைக்கிறேன் என்றாள். மறுபடி பேசுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது அந்தப் புள்ள?"

"கணக்கு சரின்னு சொன்னா."

"அது ஒங்களுக்கு அப்பவே தெரியும்ல" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.